தனிப் பள்ளி என்னும் தண்டனை
சியரா லியோன் சிறுமிகளின் வழக்கிலிருந்து நாம் கற்க வேண்டியவை
(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மறைந்தவரைப் புகழ்ந்து பேசிவிட்டுக் கலைந்து போவதற்காக இந்த நினைவுச் சொற்பொழிவை நாம் நடத்துவதில்லை. அவர் பாதியில் விட்டுச் சென்ற வேலையில் ஒரு முனையைப் பிடித்து, அதைக் கொஞ்ச தூரமாவது இழுத்துச் செல்வதற்காக நடத்துகிறோம். கல்விதான் அந்த வேலை. பள்ளிக்கு வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளையை உள்ளே கொண்டுவருவதும், உள்ளே வந்த பிள்ளையை உள்ளேயும் ஒதுக்கி வைக்காமல் பார்த்துக்கொள்வதும் அதில் அடங்கும்.

உலக அளவில் குழந்தைகள் கல்வியில் பாலினச் சமநீதிக்கும் உள்ளடக்கலுக்கும் நடக்கும் முயற்சிகளைப் பற்றி இன்று பேசப்போகிறோம். அறிக்கைகளில் அழகாக இருக்கும் இந்தச் சொற்கள் தரையில் என்ன ஆகின்றன, அவற்றுக்கு உண்மையில் யார் தலைமை தாங்குகிறார்கள் என்று பார்க்க ஒரு நாட்டை எடுத்துக்கொள்கிறோம். மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள சியரா லியோன்தான் அந்த நாடு. 2015-க்கும் 2021-க்கும் இடையில் அங்கே கருவுற்ற சிறுமிகளின் படிப்பைச் சுற்றி நடந்த போராட்டம் நமக்கு அந்நியமானது அல்ல என்பது போகப் போகத் தெரியும்.

சொற்களும் அளவுகோல்களும்

முதலில் மூன்று சொற்களைப் பிரித்துப் பார்த்துக்கொள்வோம். சமத்துவம் என்றால் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே உரிமை. சமநீதி என்றால், அந்த உரிமையைக் கையில் எடுக்க யாருக்குக் கூடுதல் துணை வேண்டுமோ அவர்களுக்கு அதைத் தருவது. உள்ளடக்கல் என்றால், ஒரு பிள்ளை வந்து சேரும்போது பள்ளி தன்னை மாற்றிக்கொள்வது. பிள்ளை தன்னை ஒடுக்கிக்கொண்டு பள்ளிக்குள் பொருந்த வேண்டும் என்று கேட்டால் அது உள்ளடக்கல் ஆகாது.

உலக அமைப்புகள் இந்த மூன்றையும் பேசி வருகின்றன. 1994-இல் ஸ்பெயினின் சாலமாங்கா நகரில் 92 அரசுகள் கூடி, மாற்றுத்திறனுள்ள குழந்தைகள் உட்பட எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுப் பள்ளியிலேயே இடம் தர வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டன. 2000-இல் செனகலின் தலைநகர் டாக்காரில் கூடிய உலகக் கல்வி மன்றம், தொடக்கக் கல்வியிலும் இடைநிலைக் கல்வியிலும் ஆண், பெண் வேறுபாட்டை 2005-க்குள் நீக்குவது என்று இலக்கு வைத்தது. இலக்கு அந்த ஆண்டில் எட்டப்படவில்லை. 2015-இல் ஏற்கப்பட்ட நீடித்த வளர்ச்சி இலக்குகளில் நான்காவது இலக்கு, எல்லாரையும் உள்ளடக்கிய, சமநீதியான, தரமான கல்வியை 2030-க்குள் உறுதிசெய்யச் சொல்கிறது.

இவற்றை அளக்க ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். பாலினச் சமநிலைக் குறியீடு என்று பெயர். பெண் பிள்ளைகளின் சேர்க்கை விகிதத்தை ஆண் பிள்ளைகளின் சேர்க்கை விகிதத்தால் வகுத்தால் வரும் எண் அது. 0.97-இலிருந்து 1.03 வரை இருந்தால் சமநிலை எட்டியாயிற்று என்று கணக்கு. பயனுள்ள கருவிதான். ஒரு நாட்டில் பெண்பிள்ளைகள் பெருந்தொகையாகப் பள்ளிக்கு வெளியே நின்றால் அதை உடனே காட்டிக்கொடுக்கும். ஆனால் அது தலையை மட்டும்தான் எண்ணும். வகுப்பில் இருக்கும் பெண் எங்கே உட்கார வைக்கப்படுகிறாள், என்ன காரணம் சொல்லி அவளை வெளியேற்றுகிறார்கள், வெளியேறியவள் எந்தக் குடும்பத்துப் பிள்ளை என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. சராசரிக்குள் யார் மறைந்து போகிறார்கள் என்ற கேள்வியைச் சமூகவியல் படித்தவர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. சேரியையும் ஊரையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி போடும் புள்ளிவிவரத்தை நாம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம்.

எபோலாவும் தடையும்

சியரா லியோன் 1991 முதல் 2002 வரை உள்நாட்டுப் போரில் சிக்கியிருந்த நாடு. அதிலிருந்து எழுந்து நடக்கத் தொடங்கிய நிலையில் 2014-இல் எபோலா வந்தது. ஏறத்தாழ 4,000 பேர் இறந்தார்கள். பள்ளிகள் மூடப்பட்டு, 2015 ஏப்ரலில்தான் மீண்டும் திறந்தன.

பள்ளி மூடியிருந்த மாதங்களில் சிறுமிகளுக்கு நடந்தது என்ன? பெற்றோரை நோய் கொண்டுபோன வீடுகளில் பெண்பிள்ளைகளே குடும்பத்தைச் சுமந்தார்கள். சோற்றுக்கும் தண்ணீருக்கும் பணத்துக்கும் ஆண்களின் தயவை நாட வேண்டிய நிலை வந்தது. அந்தத் தயவுக்கு விலை இருந்தது. பாலியல் வன்முறை பெருகியது. சுகாதார நிலையங்கள் எபோலாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் கருத்தடைக்கும் சிகிச்சைக்கும் வழியில்லை. ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் ஆதரவில் நடந்த கணக்கெடுப்பு, நோய்ப் பரவல் காலத்தில் கருவுற்ற பதின்வயதுப் பெண்கள் 18,000-க்கும் மேல் என்று பதிவுசெய்தது.

பள்ளிகள் திறக்கும் நேரத்தில் கல்வி அமைச்சகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: கருவுற்ற சிறுமிகள் பள்ளிக்கு வரக்கூடாது, பொதுத்தேர்வும் எழுதக்கூடாது. அவர்களைப் பார்த்தால் மற்ற 'அப்பாவிச்' சிறுமிகள் கெட்டுப்போவார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம்.

இந்தக் காரணத்தை நம் காதில் வாங்கிப் பார்ப்போம். ஒரு பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தால் இன்னொரு பிள்ளைக்குக் கேடு ஒட்டிக்கொள்ளும் என்கிறது அது. இதற்கு நம் மொழியில் தீட்டு என்று பெயர். தீட்டு எப்போதும் ஒரு திசையில்தான் ஓடும். கருவுக்குக் காரணமான ஆண் வகுப்பு மாணவனாக இருந்தாலும் ஆசிரியராக இருந்தாலும் தடை அவனைத் தொடவில்லை. வன்முறைக்கு ஆளானவள் குற்றவாளி ஆனாள்.

தடையைச் செயல்படுத்திய விதம் இன்னும் கொடுமையானது. 2015 நவம்பரில் அம்னஸ்டி இன்டர்நேஷனல் வெளியிட்ட அறிக்கை அதைப் பதிவுசெய்திருக்கிறது. சில பள்ளிகளில் ஆசிரியர்கள் மாணவிகளின் வயிற்றையும் மார்பையும் தொட்டுச் சோதித்தார்கள். சில இடங்களில் சிறுநீர்ப் பரிசோதனைக்கு வற்புறுத்தினார்கள். தேர்வு எழுதியே தீர வேண்டும் என்று நினைத்த சிறுமிகள் வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு போனார்கள்.

இரக்கத்தின் பெயரில் ஒரு சுவர்

தடைக்கு எதிர்ப்பு எழுந்தபோது ஒரு சமரசம் முன்வைக்கப்பட்டது. கருவுற்ற சிறுமிகளுக்கென்று தனிக் கற்றல் மையங்கள் திறக்கலாம், அங்கே அவர்கள் படிக்கட்டும் என்றார்கள். பிரிட்டன், அயர்லாந்து அரசுகளின் உதவிநிதியோடும் ஐ.நா. அமைப்புகளின் துணையோடும் இந்த மையங்கள் நடந்தன.

உதவியவர்களின் நோக்கத்தை நாம் சந்தேகிக்க வேண்டியதில்லை. பள்ளிக் கதவு சாத்தியிருக்கும்போது வேறொரு கதவையாவது திறப்போம் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். அங்கே போன சிறுமிகளில் பலருக்கு, வீட்டில் முடங்கிக் கிடப்பதைவிட அது மேலாகவும் இருந்திருக்கும். ஆனால் அந்த மையங்கள் எப்படி இருந்தன? வாரத்தில் மூன்று நாள் மட்டும் வகுப்பு. நான்கு பாடங்கள் மட்டும். அறிவியல் படித்து மருத்துவராக வேண்டும் என்று கனவு கண்ட பெண்ணுக்கு அங்கே இடமில்லை. தேர்வுத் தடையும் அப்படியே இருந்தது.

பன்னாட்டு உதவித் திட்டங்களில் அடிக்கடி நேர்வது இது. ஒதுக்குபவரோடு மோதாமல், ஒதுக்கப்பட்டவருக்கு ஒரு சிறு ஏற்பாடு செய்து கொடுப்பார்கள். ஆண்டறிக்கையில் 'இத்தனை சிறுமிகள் பயன்பெற்றனர்' என்று எழுத முடியும். ஒதுக்கல் அப்படியே நிற்கும். சொல்லப்போனால், இப்போது அதற்கு ஒரு கட்டடமும் பெயர்ப்பலகையும் கிடைத்துவிடும்.

வழக்குத் தொடுத்தவர்கள்

தடையை முறியடித்த வேலை உள்ளூரில் தொடங்கியது. வன்முறைக்கும் சுரண்டலுக்கும் எதிரான பெண்கள் அமைப்பு ஒன்று சியரா லியோனில் இருக்கிறது. அதன் சுருக்கப் பெயர் வேவ்ஸ். இந்த அமைப்பு ஒரு குழந்தை நல அமைப்போடு சேர்ந்து, 2018 மே மாதம், கருவுற்ற சிறுமிகளின் சார்பில் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பின் நீதிமன்றத்துக்குப் போனது. எக்கோவாஸ் நீதிமன்றம் என்று அழைக்கப்படும் அது நைஜீரியாவின் அபுஜா நகரில் இருக்கிறது. ஈக்வாலிட்டி நவ் போன்ற பன்னாட்டு அமைப்புகள் சட்டத்துணையாக நின்றன. அம்னஸ்டி இடையீட்டாளராகத் தன் ஆய்வை முன்வைத்தது.

சட்ட வாதத்துக்கு வலுவான அடிப்படை இருந்தது. குழந்தைகளின் உரிமைகளுக்கும் நலனுக்குமான ஆப்பிரிக்கச் சாசனம் 1990-இல் ஏற்கப்பட்டது. அதன் 11-ஆவது பிரிவு, படிப்பை முடிக்கும் முன் கருவுறும் சிறுமிகள் தங்கள் திறனுக்கேற்பக் கல்வியைத் தொடர அரசு வாய்ப்பளிக்க வேண்டும் என்று பெயர் சொல்லியே கூறுகிறது. ஆப்பிரிக்க நாடுகள் தாங்களே எழுதிக்கொண்ட சாசனம் அது. 'இது மேற்கத்தியர் நம்மேல் திணிக்கும் ஒழுக்கக்கேடு' என்ற வாதம் அந்த இடத்தில் எடுபடாது.

2019 டிசம்பர் 12-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. தடை பாகுபாடானது, உடனே நீக்கப்பட வேண்டும் என்றது நீதிமன்றம். அதோடு நிற்கவில்லை. தனிக் கற்றல் மையங்களும் பாகுபாடானவையே, அவற்றையும் கலைக்க வேண்டும் என்றது. சிறுமிகளின் மேல் சமூகம் வைத்திருக்கும் கருத்தை மாற்ற நாடு தழுவிய பரப்புரை நடத்தவும், பாலியல் நலக் கல்வியைப் பாடத்திட்டத்தில் சேர்க்கவும் ஆணையிட்டது.

இந்தத் தீர்ப்பின் இரண்டாவது பகுதியை மாணவத் தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். வாரத்தில் மூன்று நாள், நான்கு பாடம் என்று தரம் குறைந்திருந்தது உண்மை. ஆனால் அது தற்செயலாக நேர்ந்த குறை அல்ல. தனியே பிரித்து வைத்த இடத்துக்குத் தரம் குறையும். அங்கே படிப்பவர்களுக்காகக் குரல் கொடுக்க வலுவுள்ள பெற்றோர் இல்லாததால் யாரும் கேட்கவும் மாட்டார்கள். அமெரிக்காவில் 1954-இல் பிரவுன் வழக்கில் உச்ச நீதிமன்றம், கறுப்பினப் பிள்ளைகளுக்கான தனிப் பள்ளி இயல்பிலேயே சமமற்றது என்று சொன்னது. அபுஜா தீர்ப்பும் அந்த வழியில்தான் போகிறது.

தடை நீங்கிய பின்

தீர்ப்பு வந்ததும் எல்லாம் மாறிவிடவில்லை. எக்கோவாஸ் தீர்ப்பை உறுப்பு நாடுகள் கிடப்பில் போடுவது புதிதும் அல்ல. சியரா லியோனில் அப்போது டேவிட் மொய்னினா செங்கே புதிதாகக் கல்வி அமைச்சராகியிருந்தார். போரில் கைகால் இழந்தவர்களைப் பார்த்து வளர்ந்து, செயற்கை உறுப்புகள் பற்றி ஆய்வு செய்தவர். தடையை நீக்குவதற்கு ஆட்சிக்கு உள்ளேயும் மதத் தலைவர்களிடமும் எதிர்ப்பு இருந்தது. எதிர்ப்பவர்களிடமும், பாதிக்கப்பட்ட சிறுமிகளிடமும் நேரடியாகப் பேசி ஆதரவு திரட்டியதாக அவர் பின்னர் தன் நூலில் எழுதியிருக்கிறார். 2020 மார்ச் 30 அன்று அதிபர் ஜூலியஸ் மாடா பியோவின் அரசு தடையை நீக்கியது. மறுநாளே கொரோனாவுக்காகப் பள்ளிகள் மூடப்பட்டன. இந்த முறை, பள்ளி திறக்கும்போது கருவோடு வரும் சிறுமியை வாசலில் தடுக்க ஆணை இல்லை.

2021-இல் பள்ளிகளுக்கான 'ராடிகல் இன்க்ளூஷன்' கொள்கை வந்தது. வேர்வரை செல்லும் உள்ளடக்கல் என்று நாம் அதைச் சொல்லலாம். நான்கு பிரிவினரை அது பெயர் சொல்லிக் குறிக்கிறது: கருவுற்ற சிறுமிகளும் தாயான மாணவிகளும், மாற்றுத்திறனுள்ள குழந்தைகள், தொலைதூரக் கிராமத்துக் குழந்தைகள், ஏழைக் குடும்பத்துக் குழந்தைகள். கருவுற்ற மாணவி விரும்பும்வரை வகுப்புக்கு வரலாம், பேறுகாலம் முடிந்து தனக்கு முடியும்போது திரும்பலாம், தேர்வும் எழுதலாம். 2023-இல் புதிய பள்ளிக் கல்விச் சட்டம் வந்தது. 2024 ஜூலையில் குழந்தைத் திருமணத் தடைச் சட்டமும் கையெழுத்தானது.

பெயர் சொல்வதில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். 'எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி' என்று பொதுவாக எழுதிய நாட்டில்தான் கருவுற்ற சிறுமி வெளியே நின்றாள். 'எல்லாரும்' என்ற சொல்லுக்குள் தன்னை யாரும் எண்ணவில்லை என்பதை ஒதுக்கப்பட்டவர்கள்தான் முதலில் கண்டுபிடிக்கிறார்கள். ஆகவே ஒரு கொள்கை யாரைப் பெயர் சொல்லி அழைக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். பெயர் சொன்ன பின்னும் பள்ளிக் கட்டணம் அல்லாத செலவுகள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளின்மை, சக மாணவர்களின் ஏளனம், ஆசிரியரின் பார்வை ஆகியவை இருக்கின்றன. ஆணை கதவைத் திறக்கும். உள்ளே வந்தவள் அங்கேயே இருக்க வேண்டுமானால் வேறு வேலைகளும் நடக்க வேண்டும்.

தலைமை யாருடையது?

இதே காலத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவின் தான்சானியாவையும் பார்க்க வேண்டும். அங்கே 2017-இல் அதிபர் ஜான் மகுஃபுலி, கருவுற்ற மாணவிகள் பள்ளிக்குத் திரும்ப முடியாது என்று பொதுமேடையிலேயே அறிவித்தார். மாணவிகளுக்குக் கட்டாயக் கருப் பரிசோதனை நடந்தது. உலக வங்கி 2018-இல் ஒரு கல்விக் கடனை நிறுத்தி வைத்தது. உள்நாட்டுச் செயற்பாட்டாளர்கள் எச்சரித்தும், தடை நீங்காமலேயே, 2020 மார்ச்சில் 50 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. சியரா லியோனில் தடை விலகிய அதே மாதம் அது. மகுஃபுலி மறைந்த பிறகு, 2021 நவம்பரில்தான் அரசு அந்தச் சிறுமிகள் பள்ளிக்குத் திரும்பலாம் என்று அறிவித்தது. 2022-இல் ஆப்பிரிக்கக் குழந்தை உரிமைக் குழு, அந்த வெளியேற்றமும் கட்டாயப் பரிசோதனையும் சாசனத்துக்கு எதிரானவை என்று முடிவு சொன்னது. அங்கேயும் முறையிட்டவர்களில் உள்நாட்டு மனித உரிமை அமைப்பு ஒன்று இருந்தது.

இரண்டு நாடுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. பணம் கொடுக்கும் நிறுவனங்கள் ஒரு நாள் அழுத்தம் தரும், மறுநாள் சமரசம் செய்துகொள்ளும். விடாமல் நின்றவர்கள் அந்த மண்ணின் பெண்கள் அமைப்புகள். பன்னாட்டு அமைப்புகள் பயன்பட்டது உண்மை. வழக்கறிஞரையும் ஆய்வறிக்கையையும் உலகின் கவனத்தையும் அவை கொண்டுவந்தன. அவை துணையாக நின்ற இடத்தில் வெற்றி வந்தது. தாங்களே முடிவெடுத்த இடத்தில் தனி மையம் வந்தது.

தலைமை கைமாறுவதற்கு இன்னோர் எடுத்துக்காட்டும் உண்டு. காம்ஃபெட் என்ற அமைப்பு 1993-இல் ஜிம்பாப்வேயில் 32 சிறுமிகளின் படிப்புக்கு உதவித் தொடங்கியது. தொடங்கியவர் ஆன் காட்டன் என்ற பிரிட்டிஷ் பெண்மணி. உதவி பெற்றுப் படித்தவர்கள் 1998-இல் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். இன்று அவர்கள்தான் ஊர்ப் பள்ளிகளுக்குத் திரும்பிப்போய் அடுத்த சிறுமிகளுக்கு வழிகாட்டுகிறார்கள். முதன்முதலில் உதவி பெற்ற சிறுமிகளில் ஒருவரான ஆஞ்சலின் முரிமிர்வா இப்போது அந்த அமைப்பின் தலைமை அதிகாரி. புத்தகம் வாங்கக் காசில்லாமல் ஒரு பிள்ளை எப்படிக் கூசி நிற்கும் என்று அவருக்கு யாரும் பயிற்சி வகுப்பில் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் முன் உள்ள கேள்வி

அபுஜா தீர்ப்பைப் படிக்கும்போது நம் வரலாறு நினைவுக்கு வராமல் போகாது. அண்ணல் அம்பேத்கர் வீட்டிலிருந்து கோணிப்பை கொண்டுபோய் வகுப்பின் ஓரத்தில் போட்டு உட்கார்ந்த பிள்ளை. சென்னையில் 1894-இல் ஆல்காட் பஞ்சமர் பள்ளி தொடங்கியபோது, பொதுப் பள்ளிகளின் கதவு நம் பிள்ளைகளுக்குச் சாத்தியிருந்தது. அப்படிப்பட்ட பள்ளிகளும், பின்னர் வந்த ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் விடுதிகளும் இல்லையென்றால் நம்மில் பல குடும்பங்களில் முதல் பட்டதாரியே இருந்திருக்க மாட்டார். இதை மறந்துவிட்டு 'தனிப் பள்ளி என்றாலே அநீதி' என்று பேச நம்மால் முடியாது.

2023-இல் தமிழ்நாடு அரசின் நிதிநிலை அறிக்கை, நலத்துறைப் பள்ளிகள் பள்ளிக் கல்வித் துறையோடு இணைக்கப்படும் என்று அறிவித்தபோது நம்மிடையே இரண்டு கருத்து எழுந்தது. தனியே இருப்பதால்தான் கவனிப்பாரற்றுக் கிடக்கின்றன, இணைக்கட்டும் என்றார்கள் சிலர். இணைத்தால் நிலமும் பணியிடமும் உரிமையும் கைவிட்டுப் போகும் என்றார்கள் வேறு சிலர். இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது.

சியரா லியோன் நமக்கு ஆயத்தமான விடை எதையும் தருவதில்லை. எந்த ஏற்பாட்டையும் உரசிப் பார்க்கச் சில கேள்விகளைத் தருகிறது. அங்கே போகும் பிள்ளை தான் விரும்பினால் பொதுப் பள்ளிக்குப் போக முடியுமா, அந்தக் கதவு உண்மையிலேயே திறந்திருக்கிறதா? தனி ஏற்பாட்டில் பாடமும் நாட்களும் ஆசிரியரும் தேர்வும் மற்றவர்களுக்குச் சமமாக இருக்கின்றனவா? பொதுப் பள்ளி தன்னை மாற்றிக்கொள்ளாமல் இருக்க இந்தத் தனி ஏற்பாடு சாக்காகப் பயன்படுகிறதா? இவற்றை முடிவு செய்யும் மேசையில் அந்தப் பிள்ளைகளும் அவர்களுடைய ஆட்களும் உட்கார்ந்திருக்கிறார்களா? நாமே கட்டி, நாமே நடத்தி, வெளியே போகும் வழியும் திறந்திருக்கும் இடம் ஒரு புகலிடம். மற்றவர்கள் கட்டி, நம்மை அனுப்பி, வெளிக்கதவைப் பூட்டும் இடம் தண்டனை. இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

இங்கே வந்திருக்கும் மாணவர்கள் நாளை ஆசிரியர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் தொண்டு நிறுவனப் பணியாளர்களாகவும் போவீர்கள். உங்கள் கைக்கு அறிக்கைகள் வரும். பெண் கல்வி, உள்ளடக்கல், சமநீதி என்று நல்ல சொற்கள் அவற்றில் நிறைந்திருக்கும். எண்ணிக்கையைப் படித்த பிறகு, எண்ணப்படாத பிள்ளை யார் என்று கேளுங்கள். பள்ளி இறுதி வகுப்பில் திடீரென்று வராமல் நின்ற பெண்ணின் வீட்டுக்குப் போங்கள். திருமணமா, கருவா, வன்முறையா, விடுதியில் இடமில்லையா என்று தெரிந்துகொண்டு வந்து, அதைப் பள்ளியின் முன்னும் தேவைப்பட்டால் நீதிமன்றத்தின் முன்னும் வையுங்கள். சியரா லியோனின் பெண்கள் அமைப்பு செய்தது அதுதான். மூன்றாண்டுத் தடைக்குப் பின் அவர்கள் மனுவை எழுதினார்கள். அடுத்த இரண்டாண்டுக்குள் ஓர் அரசு தன் ஆணையைத் திரும்பப் பெற்றது.

மறைந்த தோழரின் வேலையும் இதுவே. அதைத் தொடர்வோம்.

ஜெய் பீம்.